சுருண்டு காய்ந்த இலை

ஆராய்ச்சிக்கூடத்தில் அக்காவுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: இலை என்றால் தட்டையாக இருக்க வேண்டும். பறித்த இலையைக் கரைசலில் ஊறவைத்து, சதையெல்லாம் கழன்று நரம்பு மட்டும் மிஞ்சியதும், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்திக் காயவைப்பாள். ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போச்சு, நேரே குப்பைத்தொட்டிதான். காய்ந்த நரம்புவலையைக் கிராஃபீன் மையில் தோய்ப்பது உதவியாளரின் வேலை. கிராஃபீன் வேறொன்றுமில்லை, பென்சில் கரியை ஓர் அணு கனத்துக்கு உரித்தெடுத்த படலம். எஃகைவிட உறுதி, கையில் ஒட்டினால் லேசில் போகாது. அதனால்தான் உதவியாளருக்குக் கரிச்சட்டி என்று பெயர்.

இத்தனை பாடும் தங்கைக்காக. அவள் நெஞ்சுக்குள் இதயத்தைத் தட்டி ஓட்டும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் பேட்டரி தீரும்போதெல்லாம் தோளுக்குக் கீழே கீறித்தான் மாற்றுகிறார்கள். இரண்டு முறை ஆயிற்று. இரண்டாம் முறை, இனி உன்னைக் கீற விடமாட்டேன் என்று கட்டிலருகே உட்கார்ந்து அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். இதயத்தோடு கூடவே வளைந்து, வளையும்போதெல்லாம் துளி மின்சாரம் தரும் தகடு ஒன்று வேண்டும். நாள் முழுக்கக் காற்றில் ஆடியும் முறியாத பொருள் எது என்று யோசித்து இலைக்கு வந்தாள். கண்ணை மூடினால் போதும், தங்கையின் நெஞ்சுக்குள் கறுப்பு இலை ஒன்று மெல்ல மெல்ல அசையும். அந்த அசைவைப் பார்த்தபடியே எத்தனையோ மத்தியானங்கள் சாப்பிட மறந்திருக்கிறாள். அவள் செய்த இலைத் தகடுகளோ, வளைத்துச் சோதிக்கும் இயந்திரத்தில் மூவாயிரம் தடவை தாண்டுவதற்குள் விரிசல் விட்டன.

ஒரு முற்பகல், பாடம் நடத்திக்கொண்டிருந்த தங்கை வகுப்பிலேயே சரிந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. அவள் கணக்கு டீச்சர். அக்கா, ஊறிய இலையைத் தட்டில் போட்டது போட்டபடி ஓடினாள். பேட்டரி தீரும் தறுவாயில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாற்றிவிடலாம் என்றார் மருத்துவர்.

மூன்று நாள் கழித்துக் கூடத்துக்கு வந்தால், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் கிடந்த இலை தன் பாட்டுக்குச் சுருண்டு காய்ந்திருக்கிறது. புதுமுறை போலும் என்று கரிச்சட்டி அதையே மையில் தோய்த்து மாட்டிவிட்டார். அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இயந்திரம் காட்டிய எண்ணிக்கையைப் பார்த்தாள். நாற்பத்தொன்பதாயிரம். கோபம் வந்த வழியே போயிற்று. ஐம்பதாயிரத்தைத் தொட்ட பிறகுதான் தகடு விரிசல் விட்டது.

தன் இஷ்டத்துக்கு வளைந்து காய்ந்த இலைக்கு நரம்பு முறிவதில்லை. இத்தனை வருஷமும் ஒவ்வோர் இலையையும் அவளே அழுத்தி நொறுக்கிவிட்டு, அப்புறம் அதன் பலத்தைச் சோதித்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை, ஆஸ்பத்திரி ஜன்னல் வெளிச்சத்தில் தங்கை அந்தத் தகட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எத்தனை தடவை வளைந்தது என்று கேட்டாள். அக்கா சொன்னதும் கணக்கு டீச்சரின் உதடுகள் அசைந்தன. அக்காவுக்குத் தெரியாத கணக்கா அது? தெரிந்ததால்தான் தானாக வாயைத் திறக்கவில்லை.

“ஒரு நாளைக்கு இதயம் லட்சம் தடவை துடிக்குது. அப்ப இது அரை நாள்.”

அக்கா தலையாட்டினாள். வாக்குத் தவறிய வெட்கத்தில் கண் கலங்கியது.

“அரை நாள்னா சும்மாவா? எழுந்து குளிச்சு, பஸ் பிடிச்சு, மூணு பீரியட் எடுத்து முடிச்சிருப்பேன்” என்றாள் தங்கை. “அப்புறம், அதை உள்ள வைக்கவும் ஒரு தடவை கீறித்தானே ஆகணும்? வாக்குக் குடுக்கிறப்பவே யோசிச்சிருக்க வேண்டாமா நீ?”

அக்கா யோசித்ததே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

நர்ஸ் பேனாவோடு வந்து, நாளை கீற வேண்டிய இடத்தில் கோடு போடக் குனிந்தாள். தங்கை அவள் கையை மெல்லத் தடுத்தாள்.

“கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க சிஸ்டர். இந்த இடம் எங்க அக்காவுக்கு வேணும்.”