மூன்றாம் வளைவில் ஒரு நீள விசில்

நீளமாக ஒரு விசில் கேட்டது. டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில், மலைப்பாதையில் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்த பஸ் குலுங்கி நின்றது. பின்சக்கரத்துக்கு அடியில் கண்டக்டர் மரக்கட்டையைச் சொருகும் சத்தம் வந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் கண்டக்டர் இல்லை, சக்கரம் இல்லை, மலையே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பளிச்சென்று கிடந்த பாதையைப் பனி ஒரே வாயில் விழுங்கியிருந்தது.

"ஏம்ப்பா நிறுத்தினே?" முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார் போக்குவரத்து அதிகாரி.

"மாமா நிறுத்தச் சொல்றார் சார்."

"எந்த மாமா?"

"பின்னால விசில் ஊதிக்கிட்டு நடக்கிறவர். என் மாமனார்."

"மாமனார் பேச்சைத் தட்டினா இவருக்கு வீட்ல சோறு கிடைக்காது சார்" என்றாள் மூன்றாவது சீட்டுத் தையல்காரி. பஸ்ஸே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

அவர் வந்திருந்த காரியம் அப்படி. உச்சியிலிருக்கும் கிராமத்தில் பஸ்ஸைத் திருப்ப இடம் கிடையாது. இரண்டு கிலோமீட்டர் கீழே, பாதை பிரியும் இடத்தில்தான் ஒரு பொட்டல் இருக்கிறது. பஸ் அங்கேயே திரும்பி, மிச்ச தூரத்தைப் பின்பக்கமாகவே ஏறும். இறங்கும்போது மூக்கு நேராக இறங்கிவிடலாம். இருபது வருஷமாக இதுதான் வழக்கம். இரண்டு விசில் என்றால் வரலாம். மூன்று என்றால் மலைப்பக்கம் ஒதுங்கு. நீளமாக ஒன்று என்றால் நில், காரணம் பிறகு கேள்.

பனி மாதங்களில் இது சரிப்படுமா என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரிப்படாது என்று அதிகாரி எழுதிவிட்டால் பஸ் வருஷத்தில் நாலு மாதம் பொட்டலோடு நின்றுவிடும். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தலையில் சுமந்து செங்குத்துப் பாதையில் இறக்க வேண்டும். நோயாளியைக் கட்டிலோடு தூக்க வேண்டும். முட்டிவலிக்காரியான டிரைவரின் மாமியார், ஆசையாகப் பேத்தியைப் பார்க்கக்கூட இறங்க முடியாது. எல்லாம் இன்றைக்கு ஒரு நடையில் முடிவாகப் போகிறது. இன்றைக்கென்று பார்த்துப் பனி வேறு.

"போதும். பஸ்ஸைக் கீழே இறக்கு" என்றார் அதிகாரி.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். இறக்கிவிடலாம், ஆனால் எதற்காக நின்றோம் என்பதையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். அதிகாரி டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். பஸ்ஸின் உடம்பைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். டிரைவரும் கூடப் போனார்.

மாமா பள்ளத்து ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில், தலையில் கம்பளித் தொப்பி, கால் வெறுங்கால். செருப்பு வழுக்குகிறது என்று இரண்டு பனிக்காலமாக அவர் செருப்பே போடுவதில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவரின் முகத்தில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. அவர் கண் கூசவில்லை.

"அதை அணைச்சிடுங்க சார். பனியில டார்ச் அடிச்சா வெள்ளைதான் திரும்பி வரும்" என்றார் மாமா. "பதினேழாவது கல்லும் பதினெட்டாவது கல்லும் இல்ல. மண்ணோட போயிருக்கு."

ஓரக்கல்லை எண்ணி வைத்திருக்கிறாரா என்று அதிகாரி டிரைவரைப் பார்த்தார். எண்ணாமல் என்ன செய்வார். இந்தப் பாதை போட்டபோது சாலை வேலைக் கூட்டத்தில் ஓரக்கல் நட்டவரே அவர்தான். சாந்து குழைத்துக் கொடுத்தது அவர் மனைவி, டிரைவரின் அத்தை. அவர்கள் கல்யாணமே அந்தக் கல்வரிசை பதினோராவது வளைவை எட்டியபோது நிச்சயமானதுதான்.

அதிகாரி மண்டியிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தார். கல் இருந்த இடத்தில் கல் இல்லை. பாதையின் ஓரம் ஒரு வாய் கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. பின்சக்கரத்துக்கும் அந்தக் கடிக்கும் நடுவே ஒரு முழம். அவர் எழுந்து, முழங்கால் ஈரத்தைத் தட்டாமலே மாமா பக்கம் திரும்பினார்.

"இதைத் தாண்டி ஏற்ற முடியுமா?" என்று மாமாவிடம் கேட்டார். இந்தத் தடவை குரலில் அதிகாரம் குறைந்திருந்தது.

"மலைப்பக்கம் ஒண்ணரைச் சாண் இருக்கு. மாப்பிள்ளை கண்ணாடியை மடக்கிக்கிட்டா போதும்."

மாப்பிள்ளை கண்ணாடியை மடக்கினார். பயணிகள் இறங்கி நடக்க, மூன்று விசில், மறுபடி மூன்று விசில். பாறைப் பாசி ஜன்னல் முழுக்கப் பச்சையாகத் தேய்ந்தது. பிறகு இரண்டு விசில். தையல்காரி ஏறும்போது, பஸ்ஸுக்கு ஓசியில் பெயின்ட் அடித்தாகிவிட்டது என்றாள். இந்த முறை அதிகாரியும் சிரித்தார்.

கடைசி வளைவில் பனி கந்தலாகக் கிழிந்தது. டீக்கடை வாசலில் பஸ் நின்றபோது தகரக் கூரைகளின் மேல் வெயில் அடித்தது. எதிர் மலையில் ஆடுகளை எண்ணலாம் போலிருந்தது. அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார், எழுதினார், அடித்தார், திருப்பி எழுதினார். கடைசியில் எழுந்து நின்று வாசித்தார். இடிந்த ஓரத்தை இந்த வாரமே கட்டித் தர வேண்டும். விசில் துணையோடு வருஷம் முழுக்க பஸ் மேலே வரும்.

டீக்கடைக்காரர் அவருக்கு மூன்றாவது டீயும் போட்டார். அவசியமே இல்லாமல் கண்டக்டர் ஒரு டபுள் விசில் அடித்தார்.

"உங்க மாமனாருக்குக் கழுகுக் கண்ணுய்யா" என்று டிரைவரின் தோளைத் தட்டிவிட்டு, அதிகாரி கை கழுவப் போனார்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு இருமல் வந்தது. ஒரு டம்ளர் டீயை வாங்கி, மாமாவின் கையில் வைத்து, விரல்களை அதைச் சுற்றி மூடினாள். நேற்றிலிருந்தே அத்தை ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். நாளைக் காலை நடையில் முன்சீட்டு இரண்டை ஒதுக்கி வைக்கும்படி டிரைவருக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, ஆபீசர் வந்து போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று பதில் வந்திருந்தது.

மாமா டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"நல்ல மனுஷன்தான் மாப்பிள்ளை. ஆனா இவ்வளவு பனியில எப்படித்தான் எழுதினதைப் படிச்சாரோ."

டிரைவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். வெயிலில் அவருடைய நிழல் மாமாவின் வெறுங்கால்மேல் கரிக்கோடு மாதிரி விழுந்திருந்தது.

"மாமா, பனி விலகி அரை மணி ஆச்சு."

மாமா டம்ளரைக் கைக்குள் உருட்டினார். பிறகு மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி சிரித்தார். "உங்களுக்கு விலகிடுச்சு. எனக்கு ரெண்டு வருஷமா விலகல."

"கண்புரைதான் மாப்பிள்ளை, அரை மணி வேலைன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க" என்றாள் அத்தை. "கண்ணைக் கட்டிப் போட்டா ஆபீசர் வர்றப்போ யார் ஊதுறதுன்னு இவர்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தார். திரும்பி வர்ற வரைக்கும் நம்ம கண்டக்டரே ஊதட்டும். நாளைக்குக் கண் ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்துங்க."