பச்சை உடம்பு

அத்தாயிக்கு இருந்ததே ஒரு சிறுநீரகம்தான். மற்றொன்று கல் அடைத்து எப்போதோ சுருங்கிப் போயிருந்தது. மிஞ்சிய ஒன்றின் அடிப்பாகத்திலும் இப்போது கல் சேர்ந்து, சீழ் பிடித்து, காய்ச்சல் விடாமல் அடித்தது. சேலத்தில் டாக்டர் பழனிசாமி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் புருஷன் மாதப்பனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மாரமங்கலத்தில் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் அந்த மலைக்காரன் நாற்காலிக்குக் கூச்சப்பட்டு நின்றுகொண்டே டாக்டர் சொன்னதைக் கேட்டான்.

"கெட்ட பாகத்த மட்டும் வெட்டி எடுக்கணும், நல்ல பாகத்தக் காப்பாத்தணும். வெட்டும்போது ரத்தத்தை நிறுத்தி வைப்போம். ரத்தம் இல்லாம சூட்டோட இருந்தா நல்ல பாகமும் செத்துரும். அதனால சுத்தி ஐஸ் வச்சு, குளிர வச்சுத்தான் வெட்டுவேன்."

"ஐஸுங்களா?"

"ஆமா, ஐஸ்தான்."

ஐப்பசி மழையில் நனைந்த கன்று விறைத்துச் செத்ததைப் பார்த்தவன் மாதப்பன். ஆனாலும் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தான்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஐஸை எடுத்து, ரத்தத்தைத் திறந்துவிட்டதும், வெளுத்துக் கிடந்த பாதிச் சிறுநீரகம் சிவந்தது. சிறுநீர் தெளிந்து இறங்கியது. டாக்டருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ஊருக்கு அனுப்பும்போது மாதப்பனிடம் சொன்னார்: "தண்ணி நிறையக் குடுங்க. அந்தப் பாதி பொழைக்கிறது தண்ணியிலதான் இருக்கு."

"சரிங்க" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

வீட்டில் அவன் அக்காள் காளியாயி காத்திருந்தாள். மாரமங்கலத்தில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள். விலாவிலிருந்து வயிறுவரை ஓடிய தையலைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"உள்ளுக்குள்ள ஐஸு வெச்சாங்களா? அடப்பாவிகளா! பச்ச ஒடம்புடா தம்பி. புள்ள பெத்தவளுக்கே தண்ணி காட்ட மாட்டோம், சன்னி கண்டுரும்னு. இவளுக்குக் குடுத்தா என்னாவும்?"

"டாக்டரு நெறையக் குடுக்கச் சொன்னாருங்க அக்கா."

"சேலத்து வெயிலுக்கு அது செரி. இந்தக் குளுருல அவரு ஒரு நாளு படுத்துப் பாத்திருக்காரா?"

மாதப்பன் அடுப்பில் விறகைத் தள்ளினான். காளியாயியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவள் கை பட்ட பச்சை உடம்புக்காரி ஒருத்தியும் செத்ததில்லை. ஐஸ் வைத்ததை அவ்வளவு பெருமையாக விளக்கிய டாக்டருக்கும், குளிர் அன்றைக்கே போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அத்தாயியை அடுப்பங்கரையில் படுக்கவைத்தார்கள். மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட கருவாட்டுக் குழம்பு, கெட்டிச் சோறு, மேலே கம்பளி. அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. நாக்கு வறண்டால் துணியை நனைத்து உதட்டில் வைத்தாள் காளியாயி.

"ஏனுங்க, ஒரு வாய் தண்ணி குடுங்க. நாக்கு மேல ஒட்டிக்கிதுங்க."

"பொறுத்துக்க புள்ள. உன் நல்லதுக்குத்தான்."

மாதப்பன் அவள் பார்வையில் படாமல் தண்ணீர்க் குடத்தை வெளியே கொண்டுபோய் வைத்தான். அங்கேயே நின்று அழுதான். குடத்தைத் தொடவில்லை. அவளுக்கு இல்லாத தண்ணீர் தனக்கு எதற்கு என்று இருந்தது அவனுக்கு.

அவளுக்குச் சிறுநீர் குறைந்தது. "ஒடம்பு எறுகுதுடா" என்றாள் காளியாயி. முகமும் காலும் உப்பின. "சதை போட்டிருச்சு, பாருங்க" என்று அக்கம்பக்கத்தாரிடம் காட்டினாள். அவர்களும் மகிழ்ந்தார்கள். பிறகு விக்கல் வந்தது, வாந்தி வந்தது. அத்தாயிக்குப் பேச்சு குழறிய அன்றுதான் மாதப்பன் பயந்துபோய் அவளைக் கம்பளியோடு தூக்கிச் சேலத்துப் பஸ்ஸில் ஏற்றினான்.

டாக்டர் அவள் காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"எவ்வளவு தண்ணி குடுத்தீங்க?"

மாதப்பன் நிமிர்ந்து நின்றான். "ஒரு வாய் குடுக்கலீங்க. கேட்டுக் கேட்டு அழுதாளுங்க. நானு அசையலீங்க. நொம்ப பத்தரமாப் பாத்துக்கிட்டனுங்க."

டாக்டர் அவனைத் திட்டுவதற்கு வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவர் ஐஸ் வைத்துக் காப்பாற்றிய பாதி நின்றுபோயிருந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் மெட்ராசில்தான் இருந்தது. அதுவரை அவள் தாங்க மாட்டாள் என்று மாதப்பனிடம் சொன்னார். அவன் தலையாட்டினான். புரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

அத்தாயி கண் திறந்தாள். "டாக்டருங்க, நீங்களாச்சும் ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

அவர் குனிந்தார். "இனிமே குடுக்கக் கூடாதும்மா. வெளிய போக வழியில்ல. நெஞ்சுல போய் நிக்கும்."

மாதப்பன் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டான். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் முகம் தெளிந்தது.

"பாத்தியா புள்ள, டாக்டரே வேண்டாங்கறாரு. இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்க."