முழங்கை அளவு

எந்த வீட்டுச் சமையலறைக்குள் போனாலும் மேஸ்திரி முதலில் சுவரைப் பார்ப்பதில்லை. "இங்க சமைக்கறது யாரு?" என்று கேட்பார். அந்த ஆளைச் சுவரோரம் நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்குக் கீழே ஒரு கையகலம் விட்டுப் பென்சிலால் கோடு இழுப்பார். அடுப்பு மேடை அந்தக் கோட்டுக்குத்தான் வரும். எல்லாருக்கும் ஒரே உயரத்தில் கட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "சட்டையையே அளவெடுத்துத் தைக்கறோம். தினம் மூணு வேளை நிக்கற இடத்துக்கு அளவு வேணாமா?" என்பார்.

அன்று காலை அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது வீட்டில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

புறநகரின் பழைய தெருவில் இருந்தது அந்த வீடு. வயதான கணவனும் மனைவியும் மட்டும் அதில் இருந்தார்கள். கட்டியவர் கணவரின் அப்பா. சமையலறை பின்பக்கத்து இருட்டு மூலையில் இருந்தது. குழாய்க்குப் பின்னால் சுவர் ஓதமேறி, தொட்டால் உதிர்ந்தது. மேடைக் கல் நடுவில் விரிசல் விட்டு, அதில் எறும்புகள் குடித்தனம் நடத்தின. "அடுத்த வருஷம் மாத்திடலாம்" என்று சொல்லிச் சொல்லியே கணவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு வருஷம் கூரை ஒழுகியது. ஒரு வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். மற்ற வருஷங்கள் சும்மாவே போயின.

இப்போது மனைவிக்கு வயிற்றில் கட்டி. "இனிமே வீட்டுல வெச்சு நல்லா பாத்துக்குங்க" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பொருள் அவளுக்கு அங்கேயே புரிந்தது. அவருக்கும் புரியாமல் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

கணவர் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், கடவுளை நம்புகிறவர். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவருக்கு இருந்ததெல்லாம் அவளும் அந்த நம்பிக்கையும்தான். அவர் வேண்டிக்கொண்டது இது: சமையலறையை அவள் உயரத்துக்கே கட்டி முடிக்கிறேன், அதில் அவள் நின்று சமைக்க வேண்டும். பயந்துபோன மனிதன் பேரம் பேசினால் கடவுள் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் பக்கத்தில் படுத்திருந்தவளின் பேச்சு அந்தப் பேரத்தின் இரைச்சலில் அவர் காதில் விழாமலே போனது.

"சமைக்கறது எங்க அண்ணிதான்" என்றாள் கணவரின் தங்கை கடைசியில். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். வலிக்கிற முட்டியோடு நடந்துவந்து, அண்ணியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து சமையலறை நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் நிக்க முடியுமாம்மா? கோடு போட்டதும் உக்காந்துக்கலாம்" என்றார் மேஸ்திரி.

"நிப்பா. நான் பிடிச்சுக்கறேன்" என்று கணவர் முன்னால் வந்தார்.

"என்னை எதுக்கு மேஸ்திரி அளக்கறீங்க? அவரை அளங்க" என்றாள் மனைவி.

மேஸ்திரி சிரித்தார். "சார் சமைப்பாரா?"

"எங்கண்ணனா! வெந்நீர் வெச்சாகூட அடிப்பிடிக்க வெச்சுடும். இந்த ஒட்டடைக் குச்சிக்குச் சமையல்கட்டுல ஒரே வேலைதான். ஒட்டடை அடிக்கறது" என்றாள் தங்கை. அண்ணனின் உயரத்துக்குச் சிறு வயதில் அவள் வைத்த பெயர் அது.

எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். சிரித்ததில் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு, "அதனாலதான் சொல்றேன்" என்றாள்.

"உளறாத. மேஸ்திரி, இவ அளவுதான்."

"என்னங்க..."

"இவ அளவுதான்னு சொன்னேன்ல!"

அந்த வீட்டில் அவர் குரல் அப்படி உயர்ந்ததில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் பின்வாசலைத் திறந்துகொண்டு வெளியே போனார். மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனார்.

துணி துவைக்கும் கல்லருகே கணவர் குரலைத் தாழ்த்தினார். "அவ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு, என்னை அளக்கற மாதிரி அளந்துக்குங்க. மேடையை அவ உயரத்துக்கே கட்டுங்க. படுத்திருக்கறவளுக்கு என்ன தெரியப் போகுது?"

மேஸ்திரி பிடரியைச் சொறிந்தார். "சார், நான் ஒண்ணும் அரிச்சந்திரன் இல்ல. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போகாத வீடு ஊர் பூரா இருக்கு. ஆனா இந்தப் பொய் என்னால ஆகாது சார். நீங்களே அம்மாகிட்ட பேசுங்க."

மேஸ்திரிக்காக இன்னொரு வீட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் போன் செய்து, இன்று முடியாது என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் எங்கயும் போகல சார். மெதுவா பேசிட்டு வாங்க."

ஒருவருக்காகக் காத்திருப்பது சின்னக் காரியம்தான். அன்று அந்த மனிதரால் செய்ய முடிந்தது அது. அதைக் குறை வைக்காமல் செய்தார்.

கணவர் உள்ளே வந்தபோது தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஸ்திரிக்கு டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவர் மேடையோரம் நின்றார்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"கடையில..."

"பொய். பன்னும் டீயும். பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது, கயிறு கட்டியிருக்கீங்க."

"தங்கச்சி குடுத்தனுப்புவா."

"அந்த முட்டியோட அவ எத்தனை நாளைக்கு நடப்பா? நாலு நாள் அனுப்புவா. அஞ்சாவது நாள் நீங்களே வேணாம்னுடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

அவர் விரிசலை விரலால் தடவினார். "உனக்குன்னு கட்டறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார்.

வலி ஒருமுறை வந்து போகும்வரை அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"நானும்தான் வேண்டிக்கறேன். வலிக்கறப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். நான் போனப்புறம் இந்த மனுஷன் சூடா சோறு திங்கணும். உங்க வேண்டுதலுக்கு கடவுள் என்ன பண்ணுவாரோ, எனக்குத் தெரியாதுங்க. என்னோடதுக்கு அவர்கூட வேணாம். நீங்களே நிறைவேத்தலாம்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை இறுக்கி மூடினார். மறுபடியும் சொட்டியது.

"மேஸ்திரி" என்று கூப்பிட்டார்.

மேஸ்திரி வந்தார். கணவர் சுவரோரம் போய் நின்று கையை மடக்கினார். மேஸ்திரி தன் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் கோடு இழுத்தார். பழைய மேடையைவிட வெகு உயரத்தில் விழுந்தது அது.

"அது தப்பு" என்றாள் மனைவி நாற்காலியிலிருந்து. "கூனிக்கிட்டு நிக்கறாரு. நிமிந்து நில்லுங்க."

அவர் முயன்றார். தோள் கேட்கவில்லை.

"இன்னும். பஸ்ல ஏறப் போறப்ப நிப்பீங்களே, அப்படி."

நிமிர்ந்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அளவு மாறிவிடும். மேஸ்திரி பழைய கோட்டைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, இரண்டு விரல் மேலே புதுக் கோடு போட்டார்.

"இப்ப சரி" என்றாள் அவள். "சிங்க்கை ஜன்னலுக்குக் கீழ மாத்திடுங்க மேஸ்திரி, இருட்டுல இவர் பாத்திரத்தைப் பாதி கழுவி வெச்சுடுவாரு. அடுப்பு இங்க. என்னங்க, உப்பை எங்க வைப்பீங்க?"

"உன் கைக்கு எட்டற..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

"அடுப்புக்கு வலப்பக்கம்" என்றார். "என் கைக்கு எட்டற மாதிரி."

"அரிசி?"

அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தேடியதே இல்லை. "இப்ப எங்க வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, அவள் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.