மைக் அக்காவின் மூன்று மாதம்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்வது என் வேலை. இருபத்தாறு வருடமாக அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். நான் வாயைத் திறந்தால் கழிப்பறையில் இருப்பவர்கூட அவசரமாக வெளியே வந்துவிடுவார், அப்படிப்பட்ட குரல். அதனால் எங்கள் சபையில் எனக்கு மைக் அக்கா என்று பெயர். கேலிதான் என்றாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமை.

புதன்கிழமை மாலை நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என் ஜெபத்துக்குத் தனி மவுசு. மற்றவர்கள் "ஆண்டவரே, எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்கள். நான் வீடு வீடாக, ஆள் ஆளாக, வியாதி வியாதியாகச் சொல்லி மன்றாடுவேன். கர்த்தருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் நாலு விவரம் சேர்த்துச் சொன்னால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில்தான் தையல்கார அக்காவைச் சந்திக்கு இழுத்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கடை வைத்திருக்கிறார், பதினைந்து வருடச் சிநேகிதி, அதே ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர். ஒருநாள் எனக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவர், நாடாவைக் கையில் பிடித்தபடியே அழுதார். தன் மகளைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், ஜெபத்துல வெச்சுக்கோங்க" என்றார். நானும் வைத்துக்கொண்டேன். அந்தப் புதன்கிழமையே, பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், ஒன்று விடாமல் உரக்கச் சொல்லி மன்றாடினேன். அது என்ன விஷயம் என்று நீங்களும் கேட்காதீர்கள். ஒரு தடவை சொன்னதே போதும்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், பாதிப் பேர் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்கள். தையல்கார அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். ஒரே வாரத்தில் அந்தப் பேச்சு மகள் வேலை செய்யும் இடம்வரை எட்டிவிட்டது. மகள் தாயோடு பேசுவதை நிறுத்தினாள். தாய் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார், என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன். ஜெபம்தானே பண்ணினேன், வம்பா வளர்த்தேன் என்று வீட்டுச் சுவரிடம் நியாயம் கேட்டேன்.

கூட்டத்தை நடத்துகிறவள் என் தங்கை. என்னைவிட ஆறு வயது சின்னவள், நான் மூக்குத் துடைத்துவிட்டு வளர்த்தவள். ஒரு காலையில் வீட்டுக்கு வந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு துணியை எடுத்து, கழுவி வைத்ததைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, மூணு மாசத்துக்கு நீ கூட்டத்துல வாய்விட்டு ஜெபம் பண்ண வேண்டாம்."

"எனக்குத் தண்டனை குடுக்க நீ யாரு?"

"உன் தங்கச்சி. வேற யாராவது சொன்னா நீ சபையே மாறிடுவ."

அவள் வரும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவளிடம் எதை மறைக்க முடிகிறது?

"நீ சீக்கிரமா வந்து நாற்காலி போடு. தையல்கார அக்காவுக்காகவும் அவங்க பொண்ணுக்காகவும் மனசுக்குள்ள வேண்டிக்கோ. அந்த மூணு மாசமும் நானும் சத்தமா ஜெபம் பண்ண மாட்டேன்."

"நீ எதுக்கு?"

"அன்னிக்கு உன் பக்கத்துலதானே இருந்தேன். கையைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா நீ நிறுத்தியிருப்ப. நாலு பேர் என்ன நினைப்பாங்களோன்னு சும்மா இருந்துட்டேன்."

துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னால் மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை.

போனேன். ஒவ்வொரு புதனும் பதினெட்டு நாற்காலி போட்டேன். கடைசி வரிசையில் ஒன்று காலியாகவே இருந்தது. "என்ன மைக் அக்கா, கரண்ட் கட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். தங்கையும் நானும் வாயைப் பூட்டிக்கொண்டு அருகருகே உட்கார்ந்திருந்தோம். முதல் சில வாரம் நான் மனதுக்குள் செய்ததெல்லாம் ஜெபமே இல்லை, தங்கையைப் பற்றி ஆண்டவரிடம் கொடுத்த புகார் மனு.

எட்டாவது வாரம், பேருந்து நிலையத்தில் ஒரு சின்னப் பெண் தாயைத் தவறவிட்டுவிட்டது. புதிதாகச் சேர்ந்த எழுத்தர், குழந்தையின் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் விசாரித்து அழகாக எழுதிச் சீட்டைக் கொண்டுவந்தார். நான் பேனாவை எடுத்துப் பெயர்களை அடித்தேன்.

"ஏன் மேடம், பேரைச் சொன்னாதானே அம்மா ஓடி வருவாங்க?"

"அம்மா மட்டுமா கேக்கறாங்க? இந்த நிலையமே கேக்குது. எவனாவது வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு கூட்டிட்டுப் போயிட்டா? நம்மளை நம்பிப் பேரைச் சொல்லியிருக்கு. அது நம்மகிட்டயே இருக்கணும்."

சொல்லிவிட்டு மைக்கைப் போட்டேன். தாயைத் தவறவிட்ட குழந்தை அலுவலகத்தில் இருக்கிறது என்று மட்டும் அறிவித்தேன். தாய் வந்து, பெயரைத் தானே சொல்லி, குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். நான் மைக்கை அணைத்துவிட்டு அழுதேன். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் இத்தனை வருடம் காட்டிய ஜாக்கிரதையைச் சிநேகிதி பெற்ற பிள்ளைக்கு நான் காட்டவில்லை. எட்டு வாரம் வாய் மூடியிருந்ததால்தான் நான் பேசுவது எனக்கே காதில் விழுந்தது.

அன்று மாலையே தையல்கடைக்குப் போனேன்.

"அக்கா, தப்பு என்னோடதுதான். உங்க கண்ணீரை வெச்சு நல்லா ஜெபம் பண்றவன்னு நான் பேர் வாங்கப் பார்த்தேன்."

மெஷின் நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்கிட்ட மட்டும் மன்னிப்பு கேட்டா ஆச்சா?" என்றார்.

மகளிடமும் போனேன். நான் சொன்னதை வாசலில் நிறுத்தியே கேட்டுக்கொண்டாள். "சரி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். எனக்கு அவ்வளவுதான் கிடைக்கும், அது நியாயமும்கூட.

மூன்று மாதம் முடிந்த புதன்கிழமை, வழக்கம்போல் நாற்காலி போட்டேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு தையல்கார அக்கா வந்தார். யாரையும் பார்க்காமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நீ ஜெபம் பண்ணுக்கா" என்றாள் தங்கை.

எழுந்தேன். "ஆண்டவரே, எங்க ஒவ்வொருத்தர் மனசுலயும் இருக்கறது உமக்குத் தெரியும். எங்களுக்கு இரங்கும், ஆமென்." அவ்வளவுதான் வந்தது. முன்வரிசையில் ஒருத்தி இன்னும் கண்ணை மூடியபடி மீதிக்காகக் காத்திருந்தாள்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். தையல்கார அக்கா வந்து, தானும் ஒன்றை மடக்கினார். பிறகு என் காதோரம் குனிந்து, மகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு நடக்கும்போது தங்கை கேட்டாள். "அவங்க என்னக்கா சொன்னாங்க?"

"என்கிட்ட சொன்னாங்க" என்றேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. என் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.