கடலின் எண்

"அக்கா, இது உங்க கையெழுத்துதானே?"

நெவேனா என் மடியில் போட்டது அட்டை நைந்துபோன அவளுடைய பணிப் புத்தகம். கதிர்வீச்சுப் பிரிவின் பெஞ்சில், முன்பக்கம் முடிச்சுப் போடும் அங்கியோடு என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். இடது மார்புக்கு இருபத்தைந்து நாள் கதிர். அன்று நான்காவது நாள்.

"கண்ணாடி வீட்டுல இருக்குடி."

"இதுக்குக் கண்ணாடி எதுக்கு? ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தை முழங்கையால இடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. இந்த ஆஸ்பத்திரியில வேற யாரு இப்படி எழுதினாங்க?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். என் எழுத்துதான். முப்பத்தோரு வருஷம் இந்த ஆஸ்பத்திரியின் ஊழியர் பிரிவில் எல்லாருடைய புத்தகத்தையும் எழுதியவள் நான். அவள் பெயர், சேர்ந்த தேதி, அதற்குப் பக்கத்தில் பதவி: பொறியாளர்.

"ஆமா, நான்தான். இப்போ என்ன அதுக்கு?"

"அந்த ஒரு வார்த்தையால நான் யாருமே இல்லாமப் போயிட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் வேலைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருபத்தாறு வயசு, தோளில் ஈரக் கோட்டு. ஆஸ்பத்திரியின் பதவிப் பட்டியலை அவள் முன்னால் விரித்து வைத்தேன். டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, சலவைக்காரி உண்டு, கொதிகலன் பார்க்கிறவர்கூட உண்டு. இயற்பியலாளர் என்று ஒரு வரி இல்லை.

"உன்னை எங்கேடி உட்கார வைக்கிறது? பொறியாளர்னு ஒரு இடம் காலியா இருக்கு. அதுல உட்கார்ந்துக்கோ."

"நான் பொறியாளர் இல்லையே. லிஃப்ட் நின்னுபோனா என்னைக் கூப்பிடுவாங்களே."

"கூப்பிட்டா வராதே. நீ உன் கணக்கைப் போடு. புத்தகத்துல இருக்கிறதை யாரு படிக்கப் போறா?"

உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் எழுதினேன். டாக்டர் இவ்வளவு கதிர் கொடு என்று எழுதுவார். மெஷின் உண்மையிலேயே அவ்வளவுதான் கொடுக்கிறதா என்று தண்ணீர்த் தொட்டியில் அளந்து சொல்வது நெவேனா. அவள் சரி என்று எழுதிய பிறகுதான் நோயாளி மேசையில் படுக்கலாம். இருபத்துநாலு வருஷமாக அவள்தான் சரி என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. ஐரோப்பா முழுக்க ஒரே அளவுகோல் என்றார்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பதிவேட்டில் மருத்துவ இயற்பியல் வல்லுநர் என்று பெயர் ஏறியவர்கள்தான் கையெழுத்துப் போடலாம். பெயர் ஏற மூன்று வேண்டும்: பட்டம், தேர்வு, ஆஸ்பத்திரியில் இயற்பியலாளராக வேலை பார்த்த வருஷங்கள்.

"தேர்வு?"

"ஜனவரியிலேயே எழுதிட்டேன். முப்பத்தோரு பேர்ல மூணாவது. என் பொண்ணு வயசுப் பசங்களோட உட்கார்ந்து எழுதினேன்."

"அப்புறம் என்ன? வருஷந்தான் இருபத்துநாலு இருக்கே."

"இருக்கு அக்கா. பொறியாளரா."

அன்று கதிர் முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு இருவரும் இயக்குநர் அறைக்குப் போனோம். இயக்குநர் டாக்டர் கால்செவின் முதல் பணிப் புத்தகத்தையும் நான்தான் எழுதினேன்.

"பாவ்லினா அம்மா, உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்பு அதும்பாட்டுக்கு இருக்கு. எனக்கு ஒரு கடிதம் வேணும். இவ இத்தனை வருஷமும் பார்த்தது இயற்பியலாளர் வேலைன்னு ஆஸ்பத்திரி எழுதித் தரணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எழுதலாம். எழுதினா என்ன கேப்பாங்க தெரியுமா? அப்போ புத்தகத்துல ஏன் பொய் எழுதினீங்கம்பாங்க. அடுத்து, இயற்பியலாளரே இல்லாம இருபத்துநாலு வருஷம் மெஷினை எப்படி ஓட்டினீங்கம்பாங்க. அதுக்கு அடுத்த கேள்வி வரும்போது இந்த நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்திருப்பார்."

"எழுதலேன்னா?"

"தலைநகர் சோஃபியாவுலேர்ந்து வாரத்துக்கு ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. ஏற்பாடு ஆயாச்சு. நெவேனாவை நான் போகச் சொல்லலையே. அவங்க அளக்கட்டும். கையெழுத்து மட்டுந்தான் வேற."

"ஆமா" என்றாள் நெவேனா. "சமைக்கிறது நான். உப்புப் பார்த்துச் சரின்னு சொல்றது விருந்தாளி."

கால்செவ் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர, மூடிய பேனாவைத் திறக்கவில்லை.

"சரி, நானே எழுதுறேன்" என்றேன். "தப்பா எழுதினவ நான். இந்தக் கையாலதான் எழுதினேன்னு எழுதித் தர்றேன்."

"அம்மா, நீங்க போய் ஓய்வெடுங்க."

மறுநாள் நோட்டரியிடம் போய் ஒரு பக்கம் எழுதி முத்திரை வாங்கினேன். நெவேனா அதை எடுத்துக்கொண்டு சோஃபியாவில் இருக்கும் பதிவேட்டு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். அவள் திரும்பி வந்தபோது எனக்குப் பதினோராவது நாள்.

"என்னடி சொன்னாங்க?"

"ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. காப்பிகூடக் கொடுத்தாங்க."

"சரிதான், கதை முடிஞ்சுது."

"உங்க கடிதத்தைப் படிச்சாங்க. நான் பொறியாளர்னா அனுபவம் கணக்குல வராது. இயற்பியலாளர்னா புத்தகத்துல இருக்கிறது பொய்ப் பதிவு. பொய்ப் பதிவு எழுதினவங்க மேல முதல்ல விசாரணை நடக்கணும். அது முடிஞ்சாத்தான் என் மனுவை எடுப்பாங்க. 'இந்த அம்மா இன்னும் இருக்காங்களா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இருக்காங்க, என் மெஷின்லதான் படுத்திருக்காங்கன்னேன்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். என் கடிதம், முத்திரையோடு.

"திருப்பி வாங்கிட்டேன்."

"அடிப்பாவி!"

"எழுபத்துநாலு வயசுல, மார்புத்தோல் வெந்து கிடக்கிறப்போ, உங்களை விசாரணைப் படி ஏற விடுவேனா?"

"ஏறுவேன்டி. உள்ளே தூக்கிப் போட்டா என்ன? அங்கேயும் பீன்ஸ் சூப் ஊத்துவாங்க."

"சூப் ஊத்துவாங்க. கதிர் மெஷின் வச்சிருக்க மாட்டாங்களே."

கடிதம் என் கைக்கு வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் நானே தபாலில் போட்டிருக்கலாம். இரண்டு முறை தபால் நிலையம் வரை நடந்தேன். போடவில்லை. பயந்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

ஏப்ரலின் முதல் திங்கட்கிழமை, கையெழுத்துப் போட சோஃபியாவிலிருந்து மொம்சில் என்ற பையன் வந்தான். முப்பது வயசிருக்கும். வியன்னாவில் பயிற்சி பெற்றவன், பதிவேட்டில் பெயர் இருந்தது. அன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். மெஷின் அறைக் கதவு திறந்திருந்தது.

"மேடம், உங்க மெஷின் பத்துல ஒரு பங்கு குறைச்சலாக் கொடுக்குதே. ஏத்தி வைக்கணும்."

"காத்தழுத்தம் எவ்வளவுன்னு போட்டீங்க?"

"ஆயிரத்துப் பதினாறு."

"அந்த எண் எங்கேர்ந்து வந்துச்சு?"

"போன்லேர்ந்து. வானிலை அறிக்கையில."

"சுவத்துல இருக்கிற அழுத்தமானியைப் பார்க்கலையா?"

"அதுல சிவப்பு ஒட்டு இருக்கே, சான்றிதழ் இல்லைன்னு. அதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது."

அந்த அழுத்தமானி நெவேனாவின் சொந்தச் சொத்து. நோய்நொடி அண்டாமலிருக்க எங்கள் ஊரில் மார்ச்சில் கட்டும் சிவப்பு வெள்ளை நூல் அதன் வளையத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் போன வாரம் அந்த ஒட்டை ஒட்டியிருந்தார்கள்.

"தம்பி, போன்ல வர்றது கடலோட எண்" என்றாள் அவள். "எந்த ஊரா இருந்தாலும் கடலோரமா இருந்தா என்ன அழுத்தமோ, அப்படி மாத்திச் சொல்வாங்க. நாம ஆயிரம் மீட்டர் மலை மேல இருக்கோம். இங்கே காத்து லேசு. அளக்கிற குப்பிக்குள்ளேயும் லேசுதான். அதனால குறைச்சுக் காட்டுது. மெஷின் சரியாத்தான் இருக்கு. நீங்க ஏத்தி வச்சா, வெளியில உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் பத்துல ஒரு பங்கு கூடப் போகும்."

"ஐயோ மேடம்" என்றான் பையன். "வியன்னாவுல அந்த அறையோட அழுத்தம் சுவத்துலேயே எண்ணா ஓடும். நான் யோசிச்சதே இல்லை."

"இப்போ யோசிச்சுட்டீங்கல்ல. போங்க, திரும்பக் கணக்குப் போடுங்க."

நல்ல பையன். காதெல்லாம் சிவந்துபோய் வெளியே வந்தான். தாளில் வல்லுநர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். கீழே 'உதவியவர், பதவி' என்று ஒரு கட்டம். பேனாவை நெவேனாவிடம் நீட்டினான்.

"என்ன எழுதட்டும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் பொறியாளர் என்று எழுதினாள்.

அந்த வெள்ளிக்கிழமை தன் மேசையைக் காலி செய்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் வேலை காலியாக இருந்ததாம்.

"அங்கே அந்த வார்த்தையாவது பட்டியல்ல இருக்கு" என்றாள். அழுத்தமானியைச் சால்வையில் சுற்றி எடுத்துப் போனாள். சுவரில் அது இருந்த இடம் வட்டமாக, வெளுப்பாக நின்றது.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு இருபத்தோராவது நாள். மெஷின் ஓட்டும் ஷிவ்கா என்னை மேசையில் ஏற்றினாள்.

"மொம்சில் வந்துட்டுப் போயிட்டானா?"

"இந்த வாரம் அவர் இல்லை அக்கா. வேற அம்மா. அளந்து, கையெழுத்துப் போட்டுட்டு சோஃபியா பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. மெஷின் கொஞ்சம் குறைஞ்சு போச்சாம், ஏத்தி வச்சிருக்காங்க."

படுக்கப் போனவள் எழுந்து உட்கார்ந்தேன்.

"தினமும் காலையில மெஷின் அளவைச் சரிபார்க்கிற பெட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"சிவப்பு காட்டிச்சு. அவங்கதான் புது அளவை வச்சுப் பச்சையாக்கினாங்க."

"அவங்ககிட்ட கடல் கணக்கைச் சொன்னியா?"

"எந்தக் கடல்?"

"நெவேனாவுக்குப் போன் போடு."

"அக்கா, வெளியில நாலு பேர் காத்திருக்காங்க. நெவேனா இப்போ இங்கே ஆளே இல்லையே."

"போடுடி."

போட்டாள். ஸ்பீக்கரில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது, பிறகு நெவேனாவின் குரல். மெஷினை ஏற்றி வைத்ததைச் சொன்னேன்.

"ஷிவ்கா, தாளைப் பாரு. காத்தழுத்தம்னு இருக்கிற கட்டத்துல என்ன எழுதியிருக்காங்க?"

"ஆயிரத்துப் பதினெட்டு."

எங்கேயோ ஒரு கதவு சாத்திய சத்தம் வந்தது.

"அக்கா படுத்தாச்சா?"

"படுக்கல. உட்கார்ந்திருக்கேன்."

"அப்படியே உட்கார்ந்திருங்க. நீங்க மேசையில இருக்கிற வரைக்கும் அவங்களால வேற யாரையும் படுக்க வைக்க முடியாது. நிறுத்துன்னு சொல்ல எனக்குத்தான் அதிகாரம் இல்லை." குரல் தணிந்தது. "ஷிவ்கா, காலையிலேர்ந்து எத்தனை பேர்?"

"ஏழு பேர்" என்றாள் ஷிவ்கா. போனையும் தாள்களையும் என் மடியில் வைத்துவிட்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

மேசை சில்லென்று இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். போனில் பள்ளிக்கூட மணி அடித்தது.

"உனக்கு வகுப்பு இருக்கா?"

"இருக்கு."

"போடி."

"போகல. அந்த ஏழு பேரோட பேரைப் படிங்க அக்கா. அவங்களுக்கு மிச்சம் இருக்கிற நாள்ல குறைச்சுச் சரிக்கட்டணும். யாராவது கணக்குப் போட்டாகணும். நான் எழுதிக்கிறேன்."

கண்ணாடி அன்றும் வீட்டில்தான் இருந்தது. தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, முதல் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.