சிங்கம் தைத்த கோட்டு

கட்டுகஸ்தோட்டையில் மரியகொறற்றியைத் தெரியாதவர்கள் குறைவு. மீன்கடைக்காரர் நல்ல பாரையாகப் பார்த்து ஒதுக்கி வைப்பார். மருந்துக் கடையில் வரிசையை விட்டு முன்னே கூப்பிடுவார்கள். எல்லாம் விஞ்ஞான டீச்சர் என்பதற்காக. ஒன்பது வருடம் இலங்கைப் பெண்கள் அணிக்கு ஹொக்கி ஆடியவள், முப்பத்தொரு ஆட்டத்தில் நாட்டின் சட்டையைப் போட்டவள் என்பதெல்லாம் அந்த மீன்கடைக்காரருக்குத் தெரியாது. சொன்னாலும், "அப்படியா டீச்சர், தலையையும் வெட்டிப் போடவா?" என்றுதான் கேட்பார். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்படித்தான் கேட்டார்.

அதே மீன்கடைக்காரருக்கு சுந்தாவைத் தெரியும். தான் பிறப்பதற்கு முன்பே ஆடி முடித்த சுந்தாவை, அந்த ஆள் போட்ட கோல்களின் எண்ணிக்கை வரைக்கும் தெரியும்.

சுந்தா என்றால் சுந்தரலிங்கம். கொழும்பு வீதித் துணிக்கடை ஒன்றில் நாற்பது வருடம் துணி அளந்து கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஹொக்கிக் கழகத்தின் சென்டர் போர்வர்ட். அறுபதுகளில் போகம்பறை மைதானத்தில் அவர் ஆடுகிறார் என்றால் வத்தேகமயிலிருந்து பஸ் நிரம்பி வழியுமாம். இப்போது அறுபத்துமூன்று வயது. இன்றைக்கும் அவர் வீதியில் எங்கே நின்று கையை நீட்டுகிறாரோ அங்கேதான் பஸ் நிற்கும் ஹோல்ட். கண்டியிலிருந்து முதன்முதல் இலங்கைக்கு ஹொக்கி ஆடிய தமிழன் என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

இரண்டாயிரத்து நான்கில் கழகத்துக்கு ஐம்பது வயதானது. செயலாளர் ஹாஷிம் விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தான். 'எமது கழகத்திலிருந்து முதன்முதலில் நாட்டுக்காக ஆடியவர் முதற் பந்தை அடித்து ஆட்டத்தை ஆரம்பித்து வைப்பார்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையே இல்லை என்று நினைத்தான்.

"முதற் பந்துக்கு சுந்தா அண்ணன்தானே ஈக்கார்" என்றான், விழா மலருக்குக் கழக வரலாறு எழுதித் தரச்சொல்லிக் கொறற்றியின் வீட்டுக்கு வந்தபோது. அலவத்துகொடயைச் சேர்ந்த ஹாஷிமும் நாலு வருடம் நாட்டுக்கு ஆடியவன்தான். "அந்தக் காலத்து மவுசு இனி வருமா டீச்சர்? என்னையப் பாருங்க. டீவியில கூட ஒரு தரம் காட்டினாங்க. எங்கட மாமி கேக்குறா, மகன் நீ பேட்டிங்கா பௌலிங்கான்னு."

கொறற்றி சிரித்தாள். அவனாவது டீவியில் வந்தான். அவள் ஆடிய ஒன்பது வருடத்திலும் பத்திரிகையில் வந்த படம் ஒன்றே ஒன்று. அதிலும் அவளுடைய முதுகு.

வரலாறு எழுதுகிறவள் ஒழுங்காக எழுத வேண்டுமே என்று, கொழும்புக்கு எழுதிப்போட்டு நாட்டுக்கு ஆடியவர்களின் பட்டியலை வரவழைத்தாள். சுந்தரலிங்கத்தின் பெயருக்கு நேரே எத்தனை ஆட்டம் என்று குறித்துக்கொள்ளத்தான் தேடினாள். மேலிருந்து கீழாக மூன்று தரம் விரலை ஓட்டினாள். இல்லை. அந்தக் கழகத்தின் பெயர் பட்டியலில் முதன்முதல் வருவது எழுபத்தொன்பதாம் ஆண்டில். பக்கத்திலிருந்த பெயர் கி. மரியகொறற்றி.

அந்த முதற் பந்து அவளுடையது. அதை அவள் எவ்வளவு விரும்பினாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆசைக்கு வயது முப்பத்தெட்டு. அறுபத்தாறில், பேக்கரியில் பாண் போடுகிற அவளுடைய அப்பா கிறகரி, ஏழு வயது மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போகம்பறையில் நின்றார். சுந்தா நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, மூன்று பேரைத் தாண்டி, கோல் போட்டார். மைதானமே எழும்பிக் கத்தியது. "கை தட்டு புள்ள, கை தட்டு" என்று அப்பா கீழேயிருந்து காலை ஆட்டினார். அவள் தட்டவில்லை. வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டேயிருந்தாள். கைகள் இருப்பதே மறந்துபோயிற்று. ஒரு மனிதரை இப்படிப் பார்க்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டவள், தன்னையும் ஒரு நாள் யாராவது இப்படிப் பார்க்க வேண்டும் என்றுதான் மட்டையைக் கையில் எடுத்தாள். முழங்கால் தேய ஓடினாள். முப்பத்தொரு ஆட்டம். அந்தப் பார்வை மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

ஹாஷிமிடம் எதுவும் சொல்லாமல், அடுத்த சனிக்கிழமை பட்டியலையும், அலுமாரியில் தொங்கிய தன் அணிக் கோட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சுந்தா குடியிருந்த வத்தேகமவுக்குப் பஸ் ஏறினாள். கோட்டை ஏன் எடுத்தோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. சண்டைக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

சுந்தரலிங்கம் சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். இவர்தானா அவர் என்று இருந்தது. உடம்பு பாதியாக வற்றியிருந்தது. மனைவி பரிமளம் கதிரையைத் துடைத்துப் போட்டு, கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்தார். கொறற்றி சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணன், கொழும்பிலயிருந்து லிஸ்ட் வந்திருக்கு. அதில உங்க பேர் இல்லை."

"இருக்காதுங்க டீச்சர்" என்றார் அவர். "நான் ஆடலையே."

அவள் தயாரித்துக்கொண்டு வந்த பேச்சுக்கு இனி வேலையில்லை.

"அப்ப ஊர் முழுக்க ஆடினீங்கன்னு சொல்லுது?"

"நான் சொன்னதா யாராச்சும் சொல்றாங்களா? கடைக்கு வாற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், நான் ஆடலைங்கன்னு. அண்ணனுக்கு எவ்வளவு அடக்கம்னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு கஜம் சேர்த்து வாங்கிட்டுப் போவாங்க."

பரிமளம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கதையை அவர் பல தரம் கேட்டிருப்பார் போல.

"அறுபத்தேழில டீமுக்கு எடுத்தாங்க. வெளிநாட்டுப் பயணம். பேரு பேப்பர்ல வந்திச்சு, ஊரே படிச்சிச்சு. பாஸ்போட் எடுக்கப் போனா பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கன்னு கேட்டாங்க. இந்தியாவிலயிருந்து வந்த குடும்பம்னா மனுப் போட்டுத்தானே வாங்கணும், எங்க அப்பாவும் அம்பதில போட்டவருதான். ஆனா அதுக்கு முன்னால, உலக யுத்த நேரத்தில, தாத்தா செத்ததுக்கு இந்தியாவுக்குப் போயிருக்காரு. சண்டைக் காலம், கப்பல் இல்ல. திரும்பி வரப் பதினாலு மாசம் ஆயிடுச்சு. பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா கூடாதாம். மனுவைத் தள்ளிட்டாங்க. ரெண்டு மாசம் டீச்சர். அவரு கப்பலேறினப்ப நான் நடக்கக்கூட பழகல."

கொறற்றிக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. கிறகரியும் அதே மனுவைப் போட்டவர். மாவு படிந்த கையோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, எப்படியோ அந்தக் கடதாசியை வாங்கிவிட்டார். அவள் நாட்டுக்கு ஆடியதற்கு அவள் கால் மட்டும் காரணமில்லை. அந்தக் கடதாசியும் காரணம். இதை அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"பேர் வெட்டினது பேப்பர்ல வரலையா?"

"வரலை. வெட்கமா போச்சு. டீம் போன நாளில நானும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அட்டன் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். மூணு கிழமை கழிச்சுக் கண்டி ஸ்டேஷன்ல வந்து இறங்கினா, டீமோட போயிட்டு வர்றேன்னு ஊரே மாலையோட நிக்குது. பேண்ட் வாத்தியம் வேற. நான் போகலைங்க, நான் ஆடலைங்கன்னு கத்துறேன். வாத்தியச் சத்தத்தில யாருக்கும் கேட்கலை." அவர் சிரித்தார். "இன்னைக்கு வரைக்கும் கேட்கலை."

போன வருடம் சட்டம் வந்து அவருக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதாம். "இனி டீமுக்குக் கூப்பிட்டா தாராளமா போகலாம்" என்றார். பரிமளம் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு, கதையெல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் நினைத்த நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்களுக்குக் கோட்டு குடுத்தாங்களா டீச்சர்?"

அவள் பையிலிருந்து எடுத்தாள். கருநீலக் கோட்டு. நெஞ்சுப் பையில் பொன் நூலால் தைத்த சிங்கம், நூல் கொஞ்சம் கறுத்திருந்தது. அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதலில் துணியைத்தான் இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். பழக்க தோஷம்.

"நல்ல கம்பளி. பொம்பளைக் கோட்டு, பித்தான் இடப்பக்கம்" என்றார். சொல்லிவிட்டும் திருப்பித் தரவில்லை. "ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கட்டுமா?"

உள்ளறை அலுமாரிக் கண்ணாடியின் முன்னே நின்று போட்டார். வற்றிப்போன உடம்புக்கு அது பொருந்தித்தான் இருந்தது. பித்தானைப் பூட்டப் போன விரல்கள் வலப்பக்கம் தேடின, பிறகு இடப்பக்கம், பிறகு மறுபடி வலப்பக்கம். ஆயிரம் சட்டைத் துணி வெட்டிக் கொடுத்தவருக்கு அந்த ஒரு பித்தான் பிடிபடவில்லை. பரிமளம் போய் அவருடைய கையை மெல்ல விலக்கிவிட்டுப் பூட்டிவிட்டார். அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவேயில்லை. சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழற்றியபின் அதை மடித்துத் தந்தார். இருபத்தைந்து வருடத்தில் அவள் ஒரு நாளும் அதை அவ்வளவு அழகாக மடித்ததில்லை.

"முதற் பந்தை நீங்களே அடிங்க அண்ணன்" என்றாள். முக்கால் மனதோடுதான் சொன்னாள். மீதிக் கால் மனது உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"விழாவுக்கு இதைப் போட்டுக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வீதி வரைக்கும் கூடவே வந்தார். ஹோல்டும் இல்லாத, வளைவான ஓரிடத்தில் நின்று கையை நீட்டினார். கண்டி பஸ் கிறீச்சிட்டு நின்றது. கண்டக்டர் குதித்து இறங்கி அவரைக் கைத்தாங்கலாக ஏற்றப் பார்த்தான். "நான் இல்லப்பா, இவங்கதான்" என்றார் அவர். கண்டக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டா வெறுப்பாக வழிவிட்டான். அன்றிரவே அவள் வரலாற்றை எழுதி முடித்தாள். முதலில் ஆடியவர் யார் என்ற இடத்தை ஒரு வரி விட்டு வெறுமையாகவே வைத்தாள்.

விழா நாளன்று மகாவலிப் பக்கமிருந்து நல்ல காற்று. மைதானத்தைச் சுற்றி அறுநூறு பேராவது இருக்கும். ஹொக்கிக்கு இது பெரிய கூட்டம். பாதிப் பேர் சுந்தாவைப் பார்க்க வந்த வயதானவர்கள், மீதி அவர்கள் இழுத்துக்கொண்டு வந்த குடும்பத்தார். கொறற்றி கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்துப் பெண்மணி மட்டும், வெயிலில் வேர்க்கவில்லையா என்று விசாரித்தார்.

ஹாஷிம் ஒலிவாங்கியில் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சொன்னதும் மைதானம் எழும்பியது. வெள்ளைச் சட்டை போட்ட அந்த மெலிந்த மனிதர் நடுக்கோட்டுக்கு நடந்துபோய், மட்டையை வாங்கிக்கொண்டு, ஒலிவாங்கியைக் கேட்டார்.

"நான் இலங்கைக்கு ஆடலைங்க" என்றார். இந்தத் தடவை வாத்தியம் இல்லை, எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. "ஒரு ஆட்டமும் ஆடலை. இந்தக் கழகத்தில முதல்ல ஆடினவங்க கொறற்றி டீச்சர். அந்தா, கோட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்க. இந்தப் பந்து அவங்களோடது."

கரகோஷம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. "பாத்தீங்களா அந்த மனுசனை" என்று கொறற்றியின் பின்னாலிருந்து ஒரு கிழவர் நா தழுதழுக்கச் சொன்னார். "ஆடிட்டும் ஆடலைங்கிறாரு. ஒரு பொம்பளைப் புள்ளைக்கு விட்டுக் குடுக்கிறாரு. இந்தக் காலத்துப் பயலுகளுக்கு வருமா இது?"

உண்மையைச் சொன்னதற்கும் அவருக்குத்தான் கைதட்டல்.

கொறற்றி நடுக்கோட்டுக்குப் போனாள். முழங்கால் வலித்தது. அவர் மட்டையை நீட்டினார், வாங்கினாள். மட்டையைத் தொட்டுப் பல வருடம். ஆனாலும் கைக்கு இடம் தெரிந்திருந்தது. குனிந்து ஓங்கி அடித்தாள். பந்து புல்லை உரசிக்கொண்டு நேர்கோடாகப் போய், எதிர்ப்பக்கக் கோலின் பலகையில் 'டக்' என்று மோதியது.

மைதானம் தட்டியது. அறுநூறு பேரும் சுந்தரலிங்கத்தைப் பார்த்துத்தான் தட்டினார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது, அழுகை வந்தது. அதை யாருக்கும் காட்டாமல் இருக்கத் திரும்பினாள்.

திரும்பியபோது அவரைப் பார்த்தாள். அந்த மைதானத்தில் கை தட்டாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். இரண்டு கைகளும் பக்கத்தில் சும்மா தொங்கின. வாய் சற்றே பிளந்திருந்தது. கோட்டு, அதன் சிங்கம், கையிலிருந்த மட்டை, மறுபடி அவள் முகம் என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். கைகள் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பரிமளம் மைதானத்தின் நடுக்கோடு வரைக்கும் வந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கை தட்டுங்க" என்றார். "டீச்சர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, கை தட்டுங்க."

அவருக்கு அது கேட்கவில்லை.