திரும்பிய நேரம்

மலைப்பாதையின் மூன்றாவது வளைவை ஏறும்போதும் வெரேனாவின் கையில் அடுப்படித் துணி இருந்தது. காலையில் காப்பி கொண்டுபோனபோது அப்பாவின் படுக்கை காலி. சுவர் ஆணியில் பனிக்கோடாரி இல்லை, கயிறும் இல்லை. துணியைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே கிளம்பிவிட்டாள்.

அம்புரோஸ் ஹென்சென் ஐம்பத்திரண்டு வருடம் மலைவழிகாட்டியாக இருந்தவர். வயது எண்பத்து நாலு. கோடையைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொல்லி மூன்று கோடை ஆகிவிட்டது. எந்தக் கோடை என்று அவர் சொல்லவில்லையே என்பார் அம்புரோஸ். ஒருமுறை பனிச்சரிவு ஒன்று அவரைத் துரத்திவந்து, மாதாகோயில் வாசலில் மூச்சு வாங்கி நின்று, திரும்பிப் போனதாம். எங்கள் பள்ளத்தாக்கில் இதை யாரும் மறுத்ததில்லை. கோயில் படியில் இன்னும் ஈரம் இருக்கிறது.

சாவு வரட்டும், அதற்கு வெரேனா தயார்தான். மலைமேல் உறைந்து கிடக்கும் பனியாறுதான் பயம். தாத்தா அதன் வெடிப்புக்குள் போனார், சித்தப்பா போனார், பதினொரு வருடத்துக்கு முன் அவள் கணவனும் போனான். யாரும் திரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மூன்று சிலுவைகள், அடியில் வெறும் மண். கதவு சத்தம் கேட்டால் அவள் இன்னும் திரும்பிப் பார்க்கிறாள். சித்தப்பா போய் முப்பத்தொரு வருடம் கழித்துப் பனியாறு ஒரு கையுறையைத் திருப்பிக் கொடுத்தது. பாதிரியாரை வைத்து முறைப்படி அடக்கம் செய்தார்கள். மறுவாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து அது தன்னுடையது என்றார். நியாயம்தான், ஜோடியின் மற்ற கையுறை அவரிடம் இருந்தது.

மலைக்குடிலைப் பார்த்துக்கொள்ளும் ஓதிலியா வாசலிலேயே நின்றாள். பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். மலைக்குப் போகிறவர்கள் பெயர், எங்கிருந்து, எங்கே, கிளம்பிய நேரம் எல்லாம் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பிய நேரத்தை வந்து எழுத வேண்டும். எங்கே என்று எழுதாமல் போனவர்களை அம்புரோஸ் காதைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். அதில் ஒன்று பிஷப்புடைய காது.

‘அம்புரோஸ் ஹென்சென். வீட்டிலிருந்து. மேலே. காலை 6.10.’

“மேலேன்னா எங்கடி மேல?”

“கேட்டேன். வானத்துக்குக் கீழதான்னாரு. ஒரு கிண்ணம் சூப் குடிச்சாரு. உப்பு பத்தலைன்னாரு.”

“அது இருபது வருஷமா சொல்றது.”

“அதான், நல்லாத்தான் இருக்காருன்னு விட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. யோடோக்கை அனுப்பியிருக்கேன்.”

யோடோக் அந்தச் சித்தப்பாவின் மகன், அவனும் வழிகாட்டிதான். ஒன்பதரைக்கு இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றியபடியே வந்தான்.

“அக்கா, பெரியப்பா போயிட்டாரு.”

“கிடைச்சாரா?”

“கிடைச்சாரு, முழுசா. பனியாத்துக்குப் பத்தடி இந்தப் பக்கம். பாறையில சாஞ்சு உக்காந்திருக்காரு. பூட்ஸைக் கழட்டி ஓரமா வச்சிருக்காரு. கையில பாதி கடிச்ச பாலாடைக்கட்டி.”

வெரேனா பெஞ்சில் உட்கார்ந்தாள். துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“ஓதிலியா, சூப் மிச்சம் இருக்கா?”

இரண்டு கிண்ணம் குடித்தாள். உப்பு பத்தவில்லை. சொல்லவில்லை.

“ஒண்ணுதான் புரியலக்கா,” என்றான் யோடோக். “கயித்தை இடுப்புல கட்டி, மறுமுனையைப் பாறையில கட்டியிருக்காரு. அதுவும் ரெட்டை முடிச்சு. அங்க தரை சமம். மாடு படுத்தாக்கூட உருளாது.”

சொல்லிவிட்டு யோடோக்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கிருந்து பார்த்தால், அவன் அப்பாவைத் திருப்பித் தராத பனியாறு தெரியும்.

“ஹெலிகாப்டருக்குச் சொல்லட்டுமா?” என்றாள் ஓதிலியா.

“வேணாம். பாதி வழியில எழுந்து இறங்கிடுவாரு,” என்றாள் வெரேனா.

நாலு பேர் தூக்குப்படுக்கையில் கொண்டுவந்தார்கள். தவறான பாதையில் கால் வைத்தபோதெல்லாம் கிழவர் சரியான பக்கமாகச் சாய்ந்தார் என்று யோடோக் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். மற்ற மூன்று பேரும் மறுக்கவில்லை.

குடில் வாசலில் இறக்கினார்கள். இடுப்பு முடிச்சு அப்படியே இருந்தது.

“அறுத்துடலாம்க்கா, இறுகிப் போச்சு.”

“இரு.”

மண்டியிட்டு அவிழ்த்தாள். கால்மணி நேரம் ஆனது. மேலே பாறைகளில் மர்மோட் என்னும் மலை அணில்கள் சீழ்க்கை அடித்தன. கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அலமாரியில் இருந்த பழைய பதிவுப் புத்தகங்களை அவள் எடுக்கவில்லை. அவற்றில் அந்த மூன்று பேரின் வரிகள் எங்கே நின்றுபோகின்றன என்று அவளுக்குத் தெரியும். மேசைமேல் இருந்ததைத் திறந்து, அப்பாவின் வரியைத் தேடி, கடைசிக் கட்டத்தில் 12.40 என்று எழுதினாள். மை காயும்வரை ஊதினாள்.